நாற்பது கூட்டல் மூன்று பெருக்கல் அறுபது

கடை மேசைக் கால்குலேட்டருக்கு
முன்யோசனை கிடையாது.
விரல் தொட்டதைத்
தொட்ட வரிசையிலேயே முடித்துவிடும்.

ஆட்டோ கூலி நாற்பது.
ஒயிட் சிமென்ட் மூன்று பை, பை அறுபது.
அப்படியே தட்டினேன்.
இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பது என்றது
கூச்சமே இல்லாமல்.

"என்னம்மா, சிமென்ட்ல வெள்ளி கலந்துருக்கா?"
வாங்க வந்தவர் தன் போனை நீட்டினார்.
அதே எண்கள், அதே வரிசை,
இருநூற்று இருபது.

புரசைவாக்கம் ஹைரோடு ஹாரன்களுக்கு நடுவே
அன்று முழுக்க அதே நினைப்பு.
முதலில் வந்து நின்றது நாற்பது.
பின்னால் வந்த பெருக்கல்
அதை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு
மூன்றையும் அறுபதையும் உள்ளே அழைத்துப்போய்க்
காரியம் முடித்து அனுப்பியபின்
"சரி, இப்ப நீ வா" என்கிறது.

பழகிய முகமாக இருக்கிறதே என்று பார்த்தால்
கன்னியப்பன்.
நூற்றுக்கு ஐந்து வட்டி.
ஒன்றாம் தேதி இரவு ஏழு மணிக்கு
ஓட்டேரியில் எங்கள் சந்து முனையில்
பைக்கை அணைக்காமலே நிற்பார்.
என் சம்பளம் வெறும் கூட்டல்.
பாலும் வாடகையும் கேஸும்
அவர் கிளம்பும் சத்தத்துக்குக் காத்திருக்கும்.

கூட்டலும் கழித்தலும் ஒரே தரமாம்,
யார் முந்தி நிற்கிறாரோ அவர் முந்தி.
இருக்கலாம்.
எங்கள் வீட்டுக் கழித்தல்
தண்ணி லாரி வருமுன்பே
குடம் வைத்து இடம் பிடித்துவிடும்.

அடைப்புக்குறி போட்டால் மட்டும்
பெருக்கலும் வெளியே நிற்கணும்.
பில் புக்கின் பின்னட்டையில் ஒன்று போட்டுப் பார்த்தேன்.
இரண்டு கன்னம் மாதிரி இருந்தது.
உள்ளே எழுத ஒன்றும் தோன்றவில்லை,
இடது கடைவாயில் விண் விண் என்று தெறிக்கும்வரை.

ஆறு மாதம்.
கிராம்பு, உப்புத்தண்ணீர், பாதி மாத்திரை,
எல்லாம் தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று
வரிசையின் கடைசிக்குத் தள்ளிய பல்.

இந்த ஒன்றாம் தேதி
சம்பளக் கவரோடு நேராக டாக்டரிடம் போனேன்.
ஊசி, டிரில், பஞ்சு, ரசீது.
சந்து முனைக்கு வரும்போது மணி எட்டரை.

"எவ்ளோ நேரம்மா நிக்கிறது?
எங்க காசு?"

பாதி உதடு மரத்திருந்தது.
இருங்க என்று நான் சொன்னது
இழுங்க என்று விழுந்தது.

கன்னத்தை ஒரு கணம் பார்த்தார்.
பைக்கை அணைத்தார்.