எழுபது

மார்ச்சில் எழுபதை அழித்தேன்.
பழைய கூடத்தில் சால்மன் எடைபோடும் வரிசையை
மூடிய மறுநாள்,
மைய சுவிட்சில் ஒரே ஒரு வரி. என்ட்டர்.
பத்து அலுவலகத்துக்கு, இருபது கேமராக்களுக்கு,
நாற்பது குளிர் அறைகளுக்கு.
எழுபது யாருக்குமில்லை.

இரவு இரண்டு ஐம்பதுக்கு அது திரும்பி வந்தது.
பதினோராம் போர்ட் வழியே, தானாகக் கற்றது
என்று பதிவேடு சொன்னது.
மூன்று மணிக்குப் போய்விட்டது.
மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.
ஞாயிறு மட்டும் வரவில்லை.

இவை பேசிக்கொள்ளும் விதம் அப்படி.
"என்னிடம் எழுபது உண்டு" என்று ஒரு பெட்டி சொல்லும்.
பக்கத்துப் பெட்டி குறித்துக்கொண்டு
அதற்கடுத்ததிடம் சொல்லும்.
பத்து நொடிக்கொருமுறை ஒன்று குரல் கொடுக்கும்:
"எல்லாரையும் மறக்கப்போகிறேன்,
இருக்கிறவர் இன்னொரு முறை சொல்லுங்கள்."
சொன்னவர் பிழைத்தார்.
சொல்லாதவருக்காக அரை நொடிக்குச் சற்று மேல் பொறுக்கும்.
அவ்வளவுதான்.
திவசம் கிடையாது.

"டிரங்க்கில் தடை போடு, ரன்வா" என்றார் ட்ரோன்டுர்.
"தடை என்று எழுதிவிட்டால்
யார் கத்தினாலும் ஏறாது."
ஏறாதுதான்.
ஆனாலும் கத்துவது யார் என்று தெரிய வேண்டாமா?

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் அன்று
கை நீட்டினால் கை தெரியாத மூடுபனி.
கொள்கலன்களுக்கு நடுவே எவருடைய ஆடோ இருமியது.
பதினோராம் போர்ட்டின் கேபிளைத் தொடர்ந்தேன்:
ஐஸ் அறை தாண்டி, பொதிகூடம் தாண்டி,
உப்பு பூத்த இரும்புப்படி இறங்கி
கடைசிப் பெட்டி.
அதிலும் ஒரு போர்ட்டில் மட்டும் பச்சை விளக்கு,
இப்போதுதான் கண்விழித்ததுபோல.

உள்ளே தராசின் மேல் ஹானுஸ் நின்றிருந்தார்.
இரவில் தரை கழுவுகிறவர்.
பூட்ஸ் கழற்றி ஓரமாக வைத்திருந்தது,
ஜோடியாக, சுத்தமாக.

"ஊரில் வேறெந்தத் தராசும்
பத்து கிராம் வரை சொல்லாது" என்றார்,
திருடிப் பிடிபட்டவர் குரலில்.

சுவரில் சாக்பீஸால் எண்கள்:
எண்பத்தொன்று புள்ளி நாற்பது.
எண்பது புள்ளி பதினாறு.
பிறகு எழுபதுகள்.
மேலிருந்து கீழே, ஒரு வரிசையில்.
ஞாயிறுகளுக்கு இடம் விட்டிருந்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
இறங்கினார். சிவப்பு எண்கள் சுழியம் ஆயின.
சுவிட்சை அணைத்தார்.
மேலே எங்கோ என் மையப் பெட்டியில்
எழுபது மறக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

காலையில் ட்ரோன்டுரின் படிவத்தை நிரப்பினேன்.
காரணம்: பழைய தராசு.
பதினோராம் போர்ட்டுக்கு மூன்று தேர்வுகள் உண்டு:
தடை, நிலை, இயல்பு.
நிலை என்று போட்டால்
ஆள் இல்லாதபோதும் இருக்கிறார் என்றே எழுதியிருக்கும்.
கை அங்கே சற்று நின்றது.

இயல்பு என்றே விட்டேன்.

நேற்று மூன்று பத்து வரை விழித்திருந்தேன்.
இரண்டு ஐம்பத்து நான்குக்கு வந்தது.
நான்கு நிமிடம் தாமதம்.