கடிபடாத ஒருத்தி

வெட்டு மெசின் போன தடத்தில்
வைக்கோலுக்குள் கிடந்ததாம்.
தம்பலகாமத்திலிருந்து ஜவ்பரின் ஓட்டோவில்
கெண்டைக்காலில் சாரத்துக் கிழிசல் இறுக்கியபடி
வந்தான் அழகுதுரை.
பின்னால் ஒரு யூரியாப் பை.
வேண்டாம் என்று நான் சொல்லுமுன்
அவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள்:
முத்திரைப் புடையன்.
தலை நசிந்திருந்தது.
முதுகில் முத்திரைகள் மட்டும்
தபாற்கந்தோரில் இப்போதுதான் குத்தியதுபோல்.

பாம்பு கடித்தாலும்
விஷம் இறங்காமல் போவதுண்டு.
ஆகவே பாம்பைக் கேட்பதில்லை நாங்கள்,
இரத்தத்தைக் கேட்போம்.

கண்ணாடிக் குழாய். புதியது, உலர்ந்தது.
இரண்டு மில்லிலீற்றர்.
நிமிர்த்தி வை. தொடாதே. ஆட்டாதே.
இருபது நிமிடம் கழித்து ஒரே ஒருமுறை சரி.
உறைந்தால் நிற்கும்,
உறையாவிட்டால் ஓடும்.
இதைவிட எளிய கேள்வி
இந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

அன்றிரவு புதிய குழாய் இல்லை.
அலுமாரியில் இரண்டே இரண்டு,
யாரோ கழுவிக் கவிழ்த்தவை.
சவர்க்காரம் பட்ட கண்ணாடி பொய் சொல்லும்,
நல்ல இரத்தத்தையும் ஓடவிடும்.
மருந்தோ குதிரையின் உடம்பில் விளைந்தது;
தேவையில்லாதவனுக்கு ஏற்றினால்
தோல் தடித்து மூச்சு அடைக்கலாம்.
ஆய்வுகூடத்து மெசின்
திங்கட்கிழமையிலிருந்து துணி போர்த்திக் கிடக்கிறது.

டொக்டர் இந்துனில் குழாய்களை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
“மிஸி, இன்னொரு ஆள் வேணும்.
கடி இல்லாத ஆள்.”
ஊசி என்றதும் ஜவ்பர்
ஓட்டோவைப் பூட்டவில்லை என்று நழுவினார்.
நான் கையை நீட்டினேன்.

இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான்.
பிளாஸ்டர் துண்டில் பெயர் எழுதி ஒட்டினேன்:
அழகுதுரை. நித்தியகலா.
ஒன்று பத்து.

இரண்டுக்கும் ஒரே நிறம்.
எது கடிபட்டது என்று
எழுத்தை மறைத்தால் எனக்கே தெரியாது.

அவனுக்கு ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது.
காலில் இரண்டு புள்ளி, சுற்றிக் கொஞ்சம் வீக்கம்.
“மெசின்காரன் அரைநாள் கூலி பிடிப்பானோ?”
“பேசாம படுங்க.”
“பாம்பை அடிச்ச நேரத்தையும் சேர்த்துப் பிடிப்பான், மிஸி.”
வெளியே மான்கள் குப்பைவாளியை உருட்டின.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒருமுறை ஊதி
பிறகு மறந்துபோயிற்று.

பதினேழாவது நிமிடத்தில்
என் இரத்தம் ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
ஓடினால் குழாய்தான் குற்றவாளி.
அவன் எழுந்து வயலுக்குப் போகலாம்.
இப்படியொரு வேண்டுதலை
கோணேசரிடம்கூட யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

ஒன்று முப்பது.
முதலில் என்னுடையதைச் சரித்தார்.
நின்றது.
தலைகீழாகப் பிடித்தார், அப்போதும்
அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது,
பிடிவாதக்காரி.

அவனுடையது
சாயத் தேத்தண்ணிபோல
சத்தமில்லாமல் விளிம்புவரை வந்தது.

பத்துக் குப்பி.
தூளைக் கரைக்கக் குலுக்கக் கூடாது, நுரைக்கும்;
உள்ளங்கைகளுக்கிடையில் உருட்ட வேண்டும்.
உருட்டினேன்.
என் முழங்கை மடிப்பில் பஞ்சு இருந்தது.
இரண்டே காலுக்கு அவன் துப்பியது சிவப்பாக இருந்தது.
அதன்பிறகு கூலியைப் பற்றிக் கேட்கவில்லை.

விடிய ஸ்டோர் திறந்தது, புதிய குழாய்கள் வந்தன.
நான் கையெழுத்து வைத்து இறங்கிவிட்டேன்.
எட்டு மணிக்கு நிலாவெளி பஸ்ஸிலிருந்து
வார்டுக்குப் போன் எடுத்தேன்.
“மறுபடி வச்சிருக்கு. இன்னும் எட்டு நிமிசம்.”
பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

பஸ் உப்புவெளியில் ஆட்களை ஏற்றியது.
முழங்கைப் பஞ்சை இழுத்தேன்.
காய்ந்து ஒட்டிப்போயிருந்தது.
மயிரோடு பிய்ந்து வந்தது, வலித்தது.

ஐந்து நிமிடம்.