நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு

காற்றிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவது என் தொழில்.
முத்தியால்பேட்டையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும்
நான் இறக்கிவிட்ட ஏசி குழாய் ஒன்று
யார் தலையிலாவது சொட்டிக்கொண்டிருக்கும்.
பதினாறு வருஷம்.
லாஸ்பேட்டை ரெஜினா மேடம் கேட்டது நேர்மாறு:
"தேசிங்கு, பிடுங்கினதைத் திருப்பி வைக்க முடியுமா?
ஒரு கூண்டளவு போதும்."

கூண்டுக்குள் ஏமன் நாட்டுப் பச்சோந்தி.
உச்சந்தலையில் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு கொண்டை.
குயிலாப்பாளையத்தில் குடியிருந்தவர் யாரோ
ஊர் திரும்பும்போது விட்டுப்போனதாம்.
கிண்ணத்தில் தண்ணீர் தளும்ப நின்றது.
அதன் பக்கத்திலேயே
காய்ந்துகொண்டிருந்தது அது.
கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.
எச்சத்தில் வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் ஆரஞ்சு.
"நிற்கிற தண்ணீரை அதுக்குத் தெரியாது" என்றார் மேடம்.
நகரணும், மின்னணும்,
இலை நுனியில் விழவா வேண்டாமா என்று தொங்கணும்.
அப்போதுதான் நம்பும்.

ஏசி தண்ணீரையே பிடித்து விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
வாளியை முகர்ந்தேன்.
செம்பு, பாசி, ஊர்ப்பட்ட தூசி.
கவிழ்த்துவிட்டேன்.

நெல்லித்தோப்புப் பழைய சாமான் கடையில்
மாருதி கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டார்,
நூற்று எண்பது ரூபாய்.
வில்லியனூர் உரக்கடையில் இரண்டு நாசில்.
செத்துப்போன யூபிஎஸ்ஸின் சாகாத பேட்டரி.
டைமர் வைத்தேன்: காலை ஆறு, பகல் ஒன்று, மாலை ஐந்து.
எங்கள் தெருக் குழாய்க்கும் டைமர் உண்டு,
யார் கையில் இருக்கிறதென்றுதான் தெரியாது.

முதல் தடவை புஸ்ஸென்று புகை கிளம்பியதும்
அது கறுத்துப்போய்க்
கிளைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.
சரி, அதட்டாமல் அடிக்கணும்.
நாசிலைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

நாலாம் நாள் அடைப்பு.
போர்த் தண்ணீர், கடலுக்குப் பக்கத்து உப்பு.
ஊசியால் குத்தி, வினிகரில் ஊறப்போட்டு,
கடைசியில் கேன் தண்ணீர்.
என் வீட்டில் உலை வைப்பதே போர்த் தண்ணீரில்தான்.
பிலோமியிடம் இதைச் சொல்லவில்லை.

மே மாதம். பராமரிப்பு என்று
பகல் முழுக்கக் கரன்ட் இல்லை.
மேடம் சென்னையில். சாவி செம்பருத்தித் தொட்டிக்கடியில்.
போய்ப் பார்த்தால் பேட்டரி உப்பியிருந்தது,
மோட்டார் ஊமை,
கூண்டுக்குள் இலையெல்லாம் அப்பளம்.

மருந்துக்கடையில் டிரிப் செட் ஒன்று கேட்டேன்.
"பேஷன்ட் யாரு?"
"ஏமன்காரர்" என்றேன்.
பையன் மேலே கேட்கவில்லை.

பாட்டிலைக் கவிழ்த்துக் கொடிக்கம்பியில் கட்டினேன்.
குழாயை வலைக்குள் விட்டு
அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டினேன்.
விரலுக்குப் பழக்கம் இருந்தது.
டெங்குவில் மகன் கிடந்த ஐந்து ராத்திரி
முகத்தைப் பார்க்கப் பயந்து
இந்தச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நர்ஸ் கைக்கடிகாரத்தோடு எண்ணுவார்,
நான் கடிகாரம் இல்லாமல்.

நிமிடத்துக்குப் பதினெட்டு.
சொட்டு இலையில் விழுந்து, உருண்டு, நுனிக்கு வந்து, தொங்கி.
அடுத்தது.
மோட்டார் வேண்டாம், பூமி இழுத்துக்கொள்கிறது.

அது ஒரு கண்ணைச் சொட்டின்மேல் வைத்தது.
இன்னொன்றை என்மேல்.
நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.
இருபது நிமிடம் இருக்கும்,
ஒரு காலைத் தூக்கி, ஆட்டி, யோசித்து, வைத்து,
இலை நுனியை வாயால் தொட்டது.
மென்றது, தண்ணீரை மெல்வதுபோல்.
தொண்டை ஏறி இறங்கியது.
மறுபடி.
என்மேல் இருந்த கண்ணும்
எப்போதென்று தெரியவில்லை,
இலைப் பக்கம் போய்விட்டது.

கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தேன்.
தட்டு நிறைந்து தரையெல்லாம் தண்ணீர்.
வடிகால் வைக்க மறந்திருக்கிறேன்,
பதினாறு வருஷமாய்
வடிகால் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தவன்.

மேடத்தின் புது டைல்ஸ். துடைக்கணும்.
எழுந்திருக்கவில்லை.
அது இன்னும் குடித்து முடிக்கவில்லை.