கடந்து போகிறவர் குலுக்கவும்

ஈஸ்ட் பொட்டலத்தில் அக்டோபர் என்று போட்டிருந்தது.
இது பிப்ரவரி.
சாஸ்கடூனில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
கார் எஞ்சினுக்குக்கூடப் போர்வை.
பாதி விலைக்குக் கிடைத்ததாம்.
பாதி செத்திருந்தாலும் மிச்சத்தைப் பெருக்கிக்கொள்ளலாம்
என்றான் ஓரெஸ்ட்,
பொட்டலத்திடம்.
என்னோடு பேச்சு நின்று இரண்டாம் நாள்.

தம்பிக்கு நாலாயிரம் டாலர் கொடுத்ததுகூடப் பரவாயில்லை.
அதைத் தம்பி மனைவி வாயால்
நான் கேட்க நேர்ந்தது,
கடையில், கையில் முட்டை அட்டையோடு.

ஒரு லிட்டர் தண்ணீர், நூறு கிராம் மால்ட் தூள்.
இந்தக் கணக்கில் மட்டும் ஆள் சுத்தம்.
கால் மணி நேரம் கொதிக்க வேண்டும்.
பத்தாவது நிமிடம் பொங்கி
அடுப்பெல்லாம் பழுப்புப் பாகு.
துடைக்கட்டும் என்று இருந்தேன்.
துடைத்தான்,
அவன் துடைக்கிற லட்சணத்தில்.

பின்கதவைத் திறந்து
கழுத்தளவு பனியில் குடுவையைப் புதைத்தான்.
கை பொறுக்கும் சூடு, பிறகு அதுவும் போய்,
பொட்டலத்தைக் கத்தரித்து ஊற்றி,
அலுமினியத் தாளில் ஒரு தொப்பி கவிழ்த்து
ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்தான்.
பக்கத்தில் ஒரு சீட்டு:
கடந்து போகிறவர் குலுக்கவும்.

கடந்து போகிறவர்!
இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

பகல் முழுக்க நான் தொடவில்லை.
ராத்திரி தண்ணீர் குடிக்க வந்தபோது
அடியில் வெள்ளையாய் ஒரு படிவு,
சாயம் போன சேறு மாதிரி.
காற்றில்லாமல் அதுதான் என்ன செய்யும்?
எடுத்து நாலு சுற்றுச் சுற்றினேன்,
சீட்டில் சொல்லியிருந்ததற்காக அல்ல.

விடிந்து பார்த்தால்
ஃப்ரிட்ஜ் மேல் தூசியில் இரண்டு காலி வட்டங்கள்.
ஒன்று அவன் முதலில் வைத்த இடம்.
மற்றது நான் வைத்தது.
குடுவை மூன்றாவது இடத்தில் இருந்தது.

அன்று எத்தனை முறை சமையலறைக்குப் போனேன்
என்று கேட்காதீர்கள்.
சாயங்காலத்துக்குள் தூசியே இல்லை,
எல்லா வட்டமும் ஒன்றோடொன்று அழிந்து.
ரொட்டி வாசனை, அதற்கு அடியில் கன்றிய ஆப்பிள்.

ஏழு மணிக்குத் தொப்பி தானாகத் தூக்கிக்கொண்டது.
நுரை ஃப்ரிட்ஜின் நெற்றியில் வழிந்து
காந்தம் குத்தியிருந்த மின்கட்டண ரசீதுவரை வந்தது.
இரண்டு வாசலிலும் ஒவ்வொருவர் நின்றோம்.

துணி எங்கே? என்றான்.
மூன்று நாளில் முதல் சொல்.

நாலாயிரம் எங்கே? என்றேன்.

நுரை இறங்கிக்கொண்டே இருந்தது.
ரசீதில் எங்கள் இருவர் பெயரும் ஊறியது.

ஜூனில் தருவானாம்.

சிங்குக்குக் கீழே,
எப்போதும் இருக்கிற இடத்தில் இருக்கிறது
துணி.