ஒரு பென்னி

கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
வேலையில் சேர்ந்து ஒன்பதாவது இரவு.
ஏழாம் கட்டிலின் மணி அடித்தது.

"ஒரு பென்னி செலவழிக்கணும் கண்ணே" என்றார்
டோரின் ஆத்தர்டன்.
வயது எண்பத்தொன்பது. இடுப்பெலும்பில் முறிவு.

இரவு இரண்டேகாலுக்கு
எந்தக் கடை திறந்திருக்கும்?
கேட்கவில்லை.
ஓடிப்போய் என் அலமாரியைத் திறந்து
பையின் அடியில் துழாவி
ஒரு செம்புக்காசைக் கண்டெடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

காசைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது.

விரிப்பை மாற்றி முடிக்கும்வரை சிரித்தார்.
இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார்.
அந்தக் காலத்துப் பொதுக் கழிப்பறையில்
காசு போட்டால்தான் தாழ் திறக்குமாம்.
ஆண்கள் மட்டும்
சுவரைப் பார்த்து நின்று
இலவசமாய் முடித்துக்கொள்வார்களாம்.

ஆங்கிலத் தேர்வில் ஏழரை வாங்கியவன் நான்.
ஏழரை என்றதுமே சுதாரித்திருக்க வேண்டும்.
பனிப்பாறைகள் உருகுவது பற்றி
இருநூற்றைம்பது சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னார்களே தவிர
மூத்திரத்துக்கு இத்தனை முக்காடு உண்டென்று
ஒருவரும் சொல்லவில்லை.

பாக்கெட் நோட்டில் எழுதத் தொடங்கினேன்:
வானிலைக்குக் கீழே இருக்கிறேன் என்றால்
உடம்பு சரியில்லை.
(வானிலைக்கு மேலே இருப்பவர் யார்?)
பாப் உன் மாமா என்றால்
வேலை சுலபமாய் முடிந்தது.
இது தெரிவதற்கு முன்
மருந்தகத்து பாபிடம் மூன்று நாள்
காரணமில்லாத பணிவோடு நடந்துகொண்டேன்.

காலைப் பேருந்தில், மீன் துறைமுகம் கடக்கையில்,
சட்டென்று உறைத்தது:
நாம் மட்டும் என்ன சொல்கிறோம்?
ஒண்ணுக்குப் போகணும்.
எந்த ஒண்ணு?
யார் எண்ணியது?

அன்றிரவே டோரினிடம் சொன்னேன்.
அதிலிருந்து மணியடித்தால்
"நெல்லி, ஓனுக்கூ!" என்பார்.
நெல்லையப்பனில் அவருக்கு எட்டியது அவ்வளவு.
அப்படியென்றால் இன்னொன்றுக்கு? என்று கேட்டார்.
இரண்டு விரலை நீட்டினேன்,
புறங்கை அவர் பக்கம்.
எட்டாம் கட்டில் கிழவி போர்வைக்குள் மூச்சுத் திணறினாள்.
அதற்கு இந்த ஊரில் அர்த்தம் வேறாம்.
அதையும் எழுதிக்கொண்டேன்.

நான்கு நாள் விடுப்பு முடிந்து வந்தேன்.
ஏழாம் கட்டிலில் புது விரிப்பு,
ஒரு சுருக்கமில்லை.
"டோரின் போயாச்சு" என்றார் சிஸ்டர் கிளெனிஸ்,
மாத்திரைகளை எண்ணியபடி.

எங்கள் பக்கம் ஒருவர் போயாச்சு என்றால்
எங்கே என்று கேட்பதில்லை.
கடைக்குக் கிளம்பினால்கூட
போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம்.
இவர்களும் அப்படித்தான்,
நழுவினார், கடந்தார், தொலைத்துவிட்டோம்,
நோட்டில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது.

பேசின்கள் கழுவும் அறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிளெனிஸ் தட்டினார்.
"என்னப்பா ஆச்சு?
மகள் வீட்டுக்கு. கிளீதார்ப்ஸுக்கு. செவ்வாய்க்கிழமை.
சக்கர நாற்காலியில் உட்கார்ந்து
டிரைவரை ஏசிக்கொண்டே போனாள்."

போனார் என்றால் போனார்.
அவ்வளவுதான்.
நோட்டில் இதற்கு இடமில்லை.

எனக்கென்று ஓர் உறை விட்டுப்போயிருந்தார்.
உள்ளே என் செம்புக்காசு,
நடுங்கும் எழுத்தில் ஒரு சீட்டு:
"நெல்லிக்கு.
என் வீட்டில் இலவசம்."