பச்சைத் தொப்பி

காலை பத்தரை. கிளீவ்லாந்தில் பனி.
மேசை விளக்கடியில் பத்து மடங்கு லென்ஸ்.
அட்டைகளுக்கு மதிப்பெண் போடுவது என் பிழைப்பு,
ஒன்றிலிருந்து பத்து வரை.
மூலை மழுங்கினால் ஒன்று குறையும்,
படம் நடுவை விட்டு நகர்ந்தால் இன்னொன்று.
முகத்தில் மடிப்பு விழுந்தால்
பாதி உயிர் போன மாதிரி.
என் முகத்தை இதுவரை யாரும்
லென்ஸ் வைத்துப் பார்க்கவில்லை, நல்லவேளை.

ஆர்லோ பெட்டிக்ரூ, இடக்கைப் பந்துவீச்சாளன்.
ஆடியது பதினோரு ஆட்டம், தோற்றது எட்டு.
பிறகு டொலீடோவில் நிலக்கரி வண்டி ஓட்டினான்.
அவன் வீசிய பந்துக்கு
இன்றைக்கும் ஒரு செண்ட் தரமாட்டார்கள்.
தொப்பிக்குத் தருகிறார்கள்.

கேரமல் மிட்டாயோடு சும்மா போன அட்டை.
ஒரு சனிக்கிழமை சாயங்காலம்
அச்சகத்தில் நீல மை தீர்ந்தது.
வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எவனோ
பச்சையை ஊற்றினான்.
திங்களன்று மேஸ்திரி கத்தி, இயந்திரத்தை நிறுத்தி,
மையைக் கழுவச் சொன்னான்.
அந்த ஒன்றரை மணி நேரத்துப் பச்சை
இன்று மாலை ஆறு மணிக்குச் சிகாகோவில் ஏலம்.

கணக்கில் இருப்பவை ஒன்பது.
ஒன்றில் குண்டூசித் துளை.
ஒன்று சைக்கிள் சக்கரத்தில் படபடத்து
ஒரு கோடைகாலம் முழுக்க மோட்டார் சத்தம் போட்டது.
ஒன்று பைபிளில், யோபுவின் பக்கத்தில்
நசுங்காமல் கிடந்தது.
மற்றதெல்லாம் அடுப்பில், குப்பையில்,
வசந்தகால வீடு துடைப்பில்,
போருக்குப் போன பையன்களின் காலி அறையில்.
யானை இறந்தாலும் ஆயிரம் பொன்தான்;
இங்கே மந்தையே செத்தால்தான்
மிஞ்சிய யானைக்கு விலை.

பதினொன்றே காலுக்கு ஒரு பார்சல் வந்தது.
சாண்டஸ்கியிலிருந்து, பிளம்பர் ஒருவர்.
புகையிலை டப்பா, அதற்குள் ஒரு கட்டு,
நூல்கூட அவிழ்க்கப்படாமல்.
கடிதம் பென்சிலில் இருந்தது:
"குளியலறைச் சுவரை உடைத்தபோது கிடைத்தது.
ஏரிக்காற்று வராமல் ஓட்டையை அடைக்க வைத்திருக்கிறார்கள்.
முப்பத்திரண்டு இருந்தது, ஒன்றை நாய் தின்றுவிட்டது.
ஏதாவது தேறுமா?"

எண்ணினேன். முப்பத்தொன்று பச்சைத் தொப்பி.
மறுபடி எண்ணினேன்,
குறையாதா என்று.
பாவம் அந்த நாய்.
இந்த உலகத்தில் ஆர்லோவின் விலையை
ஏற்றிவிட நினைத்தது அது ஒன்றுதான்.

துல்சாவில் பல் மருத்துவர் குவிக்லி
படகை விற்ற பணத்தோடு
ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.
விற்கிற பெர்னடைன் சோகோல்,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்,
கூரை மாற்ற ஆள் பேசிவிட்டதாக
போன வாரம் எழுதியிருந்தாள்.
இருவருக்கும் நான் தெரியாது.
என் எட்டரை மட்டும் தெரியும்.
பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிவப்புச் சீட்டில்,
நான் போட்ட எட்டரை.

மதியம் சாண்ட்விச் இறங்கவில்லை.
மூன்று மணிக்கு நகம் கடித்தேன்,
கையுறையோடு சேர்த்து.
ஐந்து ஐம்பதுக்கு ஏலக்கடை பிரென்டிஸை அழைத்து
சொன்னேன்: முப்பத்தொன்று.
மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு கேட்டார்: "நிலைமை எப்படி?"
"எலி தொடவில்லை. சிலது ஒன்பது வரும்."
"பதிவேட்டில் எப்போது ஏறும்?"
"நான் ஏற்றும்போது."
"நள்ளிரவுக்கு மேல் ஏறினால்
யாருக்கும் குறையில்லையே, மார்வா?"

ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது.
அடைக்க ஏதாவது வேண்டும், எப்போதும்போல.
கட்டின் மேலே இருந்த ஆர்லோவைப் பார்த்தேன்.
பந்து இன்னும் கையை விட்டுப் போகவில்லை.
இடக்கைக்காரன் நிற்கும் நிலையில் நின்றபடி
முதல் தளத்தில் மெல்ல நகர்ந்து
அடுத்ததைத் திருடப் பார்க்கிறவன்மேல்
கண்ணை வைத்திருந்தான்.