மீட்டரில் ஏறாத தூரம்

மாஹேபூருக்கும் கியூர்பிப்புக்கும் இடையே
இருபத்திரண்டு வருஷம்.
பூமியை எத்தனை தடவை சுற்றியிருப்பேனோ,
உட்கார்ந்தபடியே.

ரோஸ் பெல் தாண்டினால் இருபுறமும் கரும்பு.
அதை வெட்டிய என் பாட்டனுக்கு
இந்தச் சீட்டு கிடைத்திருந்தால்
கும்பிட்டிருப்பான்.
நானும் கும்பிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எனக்குப் பின்னால் நீலவதி,
டிக்கெட் பையைத் தோளில் மாட்டி
முன்வாசலுக்கும் கடைசி சீட்டுக்குமாக
நாளெல்லாம் நடக்கிறாள்.
அதே பஸ், அதே ரோடு, அதே சம்பளத் தேதி.
மதியம் அதே கடையில் டால் பூரி
ஆளுக்கு ஒரு ஜோடி.
என் பெல்ட்டில் மட்டும்
வருஷத்துக்கு ஒரு புது ஓட்டை.

டிப்போவுக்கு மருத்துவ வேன் வந்தது.
ஏற மூன்று படி.
மூன்றாவதில் மூச்சு வாங்கியது.
பஸ்ஸுக்கும் மூன்று படிதான்,
எண்ணியதில்லை.

விரல் நுனியில் ஒரு குத்து.
மிஸஸ் ஆறுமுகம் தாளைத் திருப்பிக் காட்டினாள்:
"சர்க்கரை இன்னும் வரவில்லை.
எல்லையில் நிற்கிறீர்கள்."

எல்லையா?
தீவில் எல்லை ஏது, கரைதான்.
அதற்கப்புறம் தண்ணீர்.

"நடப்பீர்களா?"
நடந்தேனே, தைப்பூசத்துக்கு,
காவடி எடுத்து, தார் சுட, வெறுங்காலோடு.
"அது முருகனுக்கு" என்றாள்
எழுதிக்கொண்டே.
"மீதி நாளெல்லாம் யாருக்கு?"

வீடு வில் நுவாரில்.
பாலம் கடந்தால் பஸ் நிலையம்.
அதற்குத்தான் இத்தனை காலம் ஸ்கூட்டர்.
மறுநாள் சாவியை மனைவியிடம் கொடுத்து
ஒளித்து வைக்கச் சொன்னேன்.
என் குணம் எனக்குத் தெரியும்.

நாலரை மணி இருட்டு.
என் தெரு நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது.
இந்த உயரத்தில் அது என்னைப் பார்த்ததில்லை.
பாலத்தில் ஜான்-நோயலின் பஸ்
பக்கத்தில் வந்து ஊர்ந்தது.
"எங்கேயப்பா நின்றுபோச்சு உன் வண்டி?"
நின்றது வண்டி இல்லை என்று சொல்ல ஆசை.
சொல்ல மூச்சு இல்லை.
கையை ஆட்டினேன்.
ஹார்ன் அடித்துப் போனான்.
எனக்கு முன்னால்
கதை போய்ச் சேர்ந்துவிட்டது நிலையத்துக்கு.

பாலத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது.
பஸ்ஸுக்குத் தெரியாது.
முட்டிக்குத் தெரியும்.

அலூடா கடைக்காரன் கேட்கிறான்,
"எங்கே, ஆளையே காணோம்?"
தினமும் அவன் கடை வாசலில்தான் நடக்கிறேன்.
அது தனி விரதம்.

கியூர்பிப்பில் பத்து நிமிஷ இடைவேளை.
முன்பெல்லாம் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்குவேன்.
இப்போது அந்த ஊர் மழையில் குடை பிடித்து
மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு வருகிறேன்.
வந்து பார்த்தால்
என் சீட்டில் நீலவதி,
செருப்பைக் கழற்றிப் போட்டு,
காலை டாஷ்போர்டில் நீட்டி.
எழுப்பவில்லை.
இன்னொரு சுற்றுப் போனேன்.

யாருக்கும் நான் புத்தி சொல்வதில்லை.
ஒரு ஸ்டாப் தூரத்துக்கு
ஸ்கூல் பையன்கள் ஏறும்போது மட்டும்
கண்ணாடியில் கொஞ்சம் பார்க்கிறேன்.
இலவசம்தான் அவர்களுக்கு.
இருந்தாலும்.

வேன் மறுபடி வருமாம், ஜனவரியில்.
எண் என்ன சொல்லுமோ.
பெல்ட்டில் ஓர் ஓட்டை பின்வாங்கியிருக்கிறேன்,
பெருமைப்பட அது போதாது,
ஒரு நல்ல கல்யாண விருந்து வந்தால் போச்சு.

இன்று விடியற்காலை
ஏற்றத்தின் அடியில் ஓர் ஆள்.
ஜான்-நோயல்.
பஸ் இல்லாமல்.
"என்னுடையதும் நின்றுபோச்சு" என்றான்.

சேர்ந்து ஏறினோம்.
பாதியில் அவன் பேச்சு நின்றது,
மூச்சு மட்டும் கேட்டது.
கொஞ்சம் மெதுவாக நடந்தேன்,
செருப்பு வார் சரியில்லாதவன் மாதிரி.
அவன் எண் என்ன என்று
நான் கேட்கவில்லை.